வரி இல்லாமல் வந்த காது மெஷின்

பட்டர்வொர்த் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் எனக்கு வேலை. கப்பலில் வந்து இறங்கும் சாமான்களுக்குச் சுங்க இலாகாவில் பாரம் பூர்த்தி செய்து, முத்திரை வாங்கி, கிடங்கிலிருந்து வெளியே எடுத்துக் கொடுப்போம். இருபத்திரண்டு வருஷமாக இதையே செய்கிறேன். பொண்ணு கொடுக்க யோசிக்கிற அளவுக்குச் சப்பென்ற வேலைதான். ஆனாலும் அதில் எனக்கென்று ஒரு ஜம்பம் இருந்தது. கல்லூரி, பள்ளிக்கூட ஆய்வுக்கூடங்களுக்கு வரும் சாமான்களை வரி இல்லாமல் எடுத்துத் தருவதில் எங்கள் ஆபீசில் என்னை அடிக்க ஆளில்லை. மைக்ரோஸ்கோப் வந்தாலும் சரி, துல்லியத் தராசு வந்தாலும் சரி, ஃபைல் நேராக என் மேசைக்கு வந்துவிடும்.

அரசாங்கம் அந்த வரியைச் சும்மா விட்டுவிடாது. நிறுவனத்தின் பதிவுப் பத்திரம், சாமானின் விவரப் புத்தகம், விலைப் பட்டியல் எல்லாம் வைத்து விண்ணப்பிக்க வேண்டும். அதோடு அமைச்சின் ஆதரவுக் கடிதம் ஒன்று வேண்டும். படிப்புச் சாமான் என்றால் கல்வி அமைச்சு, வைத்தியச் சாமான் என்றால் சுகாதார அமைச்சு. அதெல்லாம் அமைச்சுகள் இருக்கும் புத்ராஜெயாவுக்குப் போய், விலக்குக் கடிதம் கப்பலுக்கு முன்னால் வந்து சேர வேண்டும். கப்பல் முந்திக்கொண்டால் சாமான் கிடங்கில் கிடக்கும். அவசரம் என்றால் வரியைக் கட்டிவிட்டு அன்றைக்கே எடுத்துக்கொண்டு போகலாம். இந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கும் அது எப்போதும் ஞாபகத்தில்தான் இருந்தது.

கூலிமில் நம்மவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு மையம் உண்டு. பேச்சு வராத, நடை வராத, கற்றுக்கொள்ளச் சிரமப்படுகிற பிள்ளைகளுக்கானது. அதன் தலைவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்து ஓய்வு பெற்றவர். காய்ச்சலுக்கு மருந்து, வெட்டுக்காயத்துக்குக் கட்டு, பாம்புக்கடிக்கு முதல் ஊசி என்று மூன்று தோட்டத்தை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்ட மனிதர். அந்தத் தோட்டங்களில் ஒன்றில் பிறந்து இங்கிலாந்தில் டாக்டராக இருக்கும் ஒருவர், அந்த மையத்துக்குக் காது பரிசோதிக்கும் மெஷின் ஒன்றையும், பலகைகளாகக் கழற்றி மாட்டக்கூடிய, சத்தம் புகாத சின்ன அறை ஒன்றையும் வாங்கி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். பிள்ளையைத் தூங்க வைத்து, தலையில் வயர்களை ஒட்டி, காது கேட்கிறதா என்று பார்க்கிற மெஷின். பிள்ளை பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அந்த மாதிரி மெஷின் அப்போது எங்கள் பக்கத்தில் எங்கும் கிடையாது.

தலைவர் என்னைத் தேடி வந்தார். நம்ம காரியம், கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதுவரை நல்லவனாகத்தான் இருந்தேன்.

அடுத்த வாரம் மையத்தின் வருடாந்திர விருந்து. நம்முடைய பழக்கம் உங்களுக்குத் தெரியும். காரியம் முடிகிறதோ இல்லையோ, பொன்னாடை முதலில் வந்துவிடும். பிரியாணி பரிமாறுவதற்கு முன்னால் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, தோளில் ஒரு மஞ்சள் சால்வையைப் போர்த்தி, கையில் மைக்கையும் கொடுத்துவிட்டார்கள். மைக் கைக்கு வந்தால் நமக்கு என்ன ஆகும் என்றும் உங்களுக்குத் தெரியும். "ஒரு காசு வரி இல்லாம, அடுத்த மாசம் இந்த மெஷின் உங்க மையத்துல வந்து நிக்கும். அது என் பொறுப்பு" என்றேன். கைத்தட்டல் காதைப் பிளந்தது. விண்ணப்பப் பாரம் அப்போது ஆபீசில் என் மேசை இழுப்பறையில் வெற்றுத் தாளாகக் கிடந்தது.

என் வீடு கரங்கானில். எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்புறம் செம்பனைத் தோட்டம், முன்புறம் பெரிய ரோடு. மூன்று வீடு தள்ளி ஒரு இளம் குடும்பம். அவன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். அவள் கூலிமில் ஒரு எலக்ட்ரானிக் பேக்டரியில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன். விருந்துக்கு மறுநாள் சாயங்காலம், இடுப்பில் மகளைத் தூக்கிக்கொண்டு என் கேட்டுக்கு வந்து நின்றாள்.

"வாட்ஸ்அப்ல உங்க போட்டோ பார்த்தேண்ணே. காது பார்க்குற மெஷின் வருதாமே?"

"ஆமா தங்கச்சி. அடுத்த மாசம்."

"இவ கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறாண்ணே. ரெண்டு வயசு முடிஞ்சிருச்சு, இன்னும் அம்மான்னு சொல்லல. கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி பெரிய ஆஸ்பத்திரிக்குச் சூராட் கொடுத்திருக்காங்க. அலோர் ஸ்டார்ல அப்பாயின்மெண்ட்."

அவள் கையில் அந்தக் கடிதம் இருந்தது. மடித்து மடித்துத் துணி போல ஆகியிருந்தது. நான் வாங்கிப் படித்தேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தபோது நான் சொன்னது இன்றைக்கும் வார்த்தை மாறாமல் நினைவில் இருக்கிறது.

"அவ்வளவு தூரம் எதுக்கு லா? லீவு போட்டு, பிள்ளையத் தூக்கிக்கிட்டு, நாள் பூரா காத்துக் கெடக்கணும். நம்ம மெஷின் வரட்டும். முதல் பிள்ளையா உன் பிள்ளையத்தான் படுக்க வைக்கிறேன்."

"அப்போ அங்க போக வேணாமாண்ணே?"

"வேணாம்னுதான் சொல்றேன்."

அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. லீவு போட்டால் அவளுக்கு அலவன்ஸ் போகும், அவனுக்கு அன்றைய ட்ரிப் போகும். அதைவிடப் பெரிய ஆஸ்பத்திரி என்றாலே பெரிய வியாதி என்று ஒரு பயம். மூன்று வீடு தள்ளி இருக்கும் அண்ணன் வேண்டாம் என்று சொன்னது அவளுக்குப் பால் வார்த்த மாதிரி இருந்திருக்கும். ஆஸ்பத்திரி நாளன்று அவள் வழக்கம்போல் பேக்டரி பஸ் ஏறினாள். ரோட்டில் பார்த்துக் கையாட்டினேன்.

விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய நான் எடுத்துக்கொண்டது அரை மணி நேரம். பழைய கல்லூரி ஃபைல் ஒன்றை எடுத்து, அதையே பார்த்து எழுதினேன். மையத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள்தானே, ஆகவே இது கல்விச் சாமான் என்று போட்டேன். கல்விப் பக்கத்தில் ஆதரவுக் கடிதம் வாங்கும் வழி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சுகாதாரப் பக்கம் எனக்குப் பழக்கமில்லை, புதிதாகப் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கையெழுத்துப் போட வந்த தலைவர் பாரத்தைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தார்.

"தம்பி, இது வைத்தியச் சாமானாச்சே. சுகாதார அமைச்சு இல்லையா கேக்கணும்?"

"நீங்க சும்மா சைன் பண்ணுங்க அய்யா. இருபது வருசமா இதுலதான் சோறு திங்கிறேன்."

அவர் கையெழுத்துப் போட்டார். வாழ்க்கை முழுக்க மருந்து மாத்திரையோடு இருந்தவரிடம் வைத்தியச் சாமான் எது என்று நான் பாடம் எடுத்திருக்கிறேன். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கப்பல் வந்தது. மெஷினும் அறையின் பலகைகளும் ஐந்து மரப்பெட்டிகளில் கிடங்குக்குப் போயின. அதற்கு மூன்று வாரம் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. இது மருத்துவக் கருவி, சுகாதார அமைச்சின் ஆதரவுக் கடிதத்தோடு மறுபடி விண்ணப்பிக்கவும் என்று இரண்டு வரி. தலைவர் சொன்ன அதே விஷயம்தான், சர்க்கார் மலாயில் இருந்தது.

என் முதலாளி சீனர். அவருக்கு எந்த விஷயத்திலும் சுற்றி வளைக்கத் தெரியாது. கடிதத்தைப் பார்த்துவிட்டு, "பாயார் சாஜா லா, அப்பா சூசா?" என்றார். கட்டிவிட்டுப் போயேன், இதில் என்ன கஷ்டம் என்று கேட்கிறார். வரி ஒன்றும் மலை இல்லை. தலைவரிடம் சொல்லியிருந்தால் இரண்டு கோயிலில் சொல்லி ஒரே வாரத்தில் பணத்தைச் சேர்த்திருப்பார். வாயைத் திறந்து, அய்யா நான் தப்பாக எழுதிவிட்டேன், வரியைக் கட்டி எடுத்துவிடலாம் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

சொல்லவில்லை. அத்தனை பேர் முன்னால் தோளில் சால்வையோடு நின்று ஒரு காசு வரி இல்லாமல் என்று சொன்னவன் எப்படிச் சொல்வான்? அந்தப் போட்டோவைப் பார்த்து என் மைத்துனன் பெண்டாங்கிலிருந்து போன் செய்து பாராட்டியிருந்தான். நான் கஷ்டப்படாமல் ஒரு பொய்யைத் தேர்ந்தெடுத்தேன். "புத்ராஜெயாவுல கொஞ்சம் லேட் அய்யா" என்றேன். தலைவர் நம்பினார். புத்ராஜெயா தாமதிக்கும் என்று சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

மறுபடி விண்ணப்பம் போட்டேனா என்றால், போட்டேன். எப்போது என்று கேட்காதீர்கள். காசு கொடுக்கும் கம்பெனிகளின் ஃபைல்கள் மேலே வந்துகொண்டே இருந்தன. அவர்கள் தாமதித்தால் கத்துவார்கள், மேலதிகாரிக்குப் போன் போடுவார்கள். மையத்தின் ஃபைல் அடியில் போய்க்கொண்டே இருந்தது. நம்ம ஆட்கள்தானே, பொறுத்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு. உண்மையில் பொறுத்துக்கொண்டார்கள். ஒருவர்கூட ஒரு வார்த்தை கடிந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தங்கச்சி மட்டும் அவ்வப்போது கேட்டாள். கேட்டில் நின்று, சிரித்துக்கொண்டே, தொந்தரவு கொடுக்கிறோமோ என்ற கூச்சத்தோடு. "மெஷின் வந்துருச்சாண்ணே?" நான் ஒவ்வொரு முறையும், "கெடங்குல இருக்கு தங்கச்சி, இன்னும் ரெண்டு வாரம்" என்பேன். கிடங்கில் இருக்கிறது என்பது உண்மை. அதனால் மனசு அவ்வளவாக உறுத்தவில்லை. வேறு ஒரு வேலையாகக் கிடங்குக்குப் போனபோது அந்தப் பெட்டிகளைப் பார்த்தேன். தூசி படிந்திருந்தது. யாரோ பாதி குடித்த டீ பாக்கெட்டை ஒரு பெட்டிமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை எடுத்துக் குப்பையில் போட்டேன். பெரிய காரியம் செய்தவன் மாதிரி கையைத் தட்டிக்கொண்டு வந்தேன்.

ஐந்தாவது மாதம் என்று நினைக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு முன்னாலிருந்து காடியைப் பின்னால் எடுத்தேன். கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. பழக்க தோஷத்தில் ஹார்ன் அடித்தேன், நீளமாகவே. பிறகு மெதுவாகப் பின்னால் விட்டேன். அடுத்த நிமிடம் தங்கச்சியின் அலறல். பிரேக்கை மிதித்து இறங்கி ஓடினேன். காடிக்குப் பின்னால், ஒரு முழத் தூரத்தில், அந்தப் பிள்ளை குந்திக்கொண்டு கல் பொறுக்கிக்கொண்டிருந்தது. அம்மா அலறியதும் கேட்கவில்லை, ஹார்னும் கேட்கவில்லை. என் நிழல் மேலே விழுந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தது. என்னைப் பார்த்துச் சிரித்து, கையிலிருந்த ஒரு கல்லை எனக்கு நீட்டியது.

அன்றைக்கு ராத்திரி என் மனைவி, "அந்தப் பிள்ளைக்குக் காது சுத்தமா கேக்கலங்க. அலோர் ஸ்டாருக்கே போகச் சொல்லுங்க" என்றாள். சரி என்றேன். திங்கட்கிழமை போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தங்கச்சி, நான் சொன்னதைக் கேட்காதே, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ என்று ஒரே வாக்கியம். அதைச் சொன்னால், அப்போ மெஷின்? என்று அவள் கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்து நான் கேட்டைத் தாண்டவில்லை. அதற்குப் பதில், ஆபீசுக்குப் போய் அந்த ஃபைலை மேலே எடுத்து வைத்தேன். என்னுடைய பிராயச்சித்தம் அந்த அளவில்தான் இருந்தது.

எட்டாவது மாதம் விலக்குக் கடிதம் வந்தது. ஒரு காசு வரி இல்லாமல் மெஷினை எடுத்தேன். கிடங்கு வாடகையை என் கையிலிருந்து கட்டினேன், யாரிடமும் சொல்லவில்லை. அதில் எனக்கு ஒரு திருப்தி வேறு. மையத்தில் அறையின் பலகைகளைப் பொருத்தி நிறுத்தி, மெஷினை வைத்து, மாதத்தில் இரண்டு நாள் வந்து பார்க்க ஒரு பெண் நிபுணரை ஏற்பாடு செய்தார்கள். எல்லாம் முடிய இன்னும் மூன்று மாதம் ஓடிவிட்டது. ரிப்பன் வெட்டினார்கள். மறுபடியும் என்னைக் கூப்பிட்டார்கள். ஆபீசில் வேலை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

சொன்ன வாக்கை மட்டும் காப்பாற்றினேன். முதல் பிள்ளையாக அவளுடைய பிள்ளைதான் படுத்தது. என் காடியில்தான் கூட்டிப் போனேன். ஒன்றரை மணி நேரம் கழித்து அந்த நிபுணர் வெளியே வந்தார். சின்ன வயசு, மெதுவாகப் பேசினார். இரண்டு காதும் மிகவும் மோசம், கருவி மாட்டினாலும் ஓரளவுக்குத்தான் கேட்கும், பேச்சு வர நிறைய உழைக்க வேண்டும் என்றார். பிறகு கேட்டார்.

"மூணேகால் வயசாச்சே. கிளினிக்ல ஒரு வருசத்துக்கு முன்னாலயே லெட்டர் கொடுத்திருக்காங்க. ஏன் போகல? இந்த வயசுல ஒவ்வொரு மாசமும் முக்கியம்மா."

நான் பக்கத்து நாற்காலியில் கார்ச் சாவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தங்கச்சி என் பக்கம் திரும்பவில்லை.

"என் தப்புதான் மிஸ்" என்றாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் பின் சீட்டில் சத்தமில்லாமல் அழுதாள். பிள்ளை அவள் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

அதோடு முடிந்திருந்தால்கூட இதை நான் எழுதியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். பிள்ளையின் நான்காவது பிறந்தநாளுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். காதுக்குப் பின்னால் இரண்டு கருவிகளோடு பிள்ளை கேக் முன்னால் நின்றது. செர்டாங்கிலிருந்து அவளுடைய மாமியார் வந்திருந்தார். தட்டில் மீ கோரெங் பரிமாறிக்கொண்டிருந்த மருமகளைக் காட்டி, கூடியிருந்தவர்கள் காதில் விழுகிற மாதிரியே சொன்னார்.

"லெட்டர் கைல இருந்துச்சு. போகல. கேட்டா வேலை, ஷிப்ட்டு. பிள்ளைய ஊமையாக்கிட்டு இப்போ கேக்கு வெட்டுறா."

புருஷன்காரன் எழுந்து வெளியே போய்விட்டான். தங்கச்சி கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். நான் தட்டைப் பார்த்தேன். மீ கோரெங்கில் இறால் இருந்தது, அதை ஒதுக்கினேன், எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. இதை எழுதும்போது உடம்பு கூசுகிறது.

அடுத்த வாரம் அவள் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் இறங்கும் நேரம் பார்த்துப் போய் நின்றேன். எல்லாவற்றையும் கொட்டினேன். பாரத்தை மாற்றி எழுதியது, தலைவர் எச்சரித்தது, வரியைக் கட்டி எடுத்திருக்கலாம் என்பது, ஜம்பத்துக்காக மறைத்தது. "நீ ஆஸ்பத்திரிக்குப் போகாததுக்கு நான்தான் காரணம். என்னை மன்னிச்சிரு தங்கச்சி" என்றேன். சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டு வந்தது. அவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டாள். கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்குத் தெரிஞ்சதுதானே அண்ணே, நீங்க வேணாம்னு சொன்னது. எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்றாள். "எங்க மாமியார்கிட்டச் சொல்லுங்க."

போன ஞாயிற்றுக்கிழமை செர்டாங்குக்குப் போனேன். அரை மணி நேர ரோடு. என்ன சொல்ல வேண்டும் என்று வழி நெடுக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் பதறிப் போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மைலோ கலக்கிக் கொண்டுவந்தார். நான் ஆரம்பிப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க இல்லேன்னா எங்க பேத்திக்கு இந்த அளவுக்காவது கேக்குமா தம்பி? ஊரே சொல்லுது. பெத்தவளுக்கு இருக்க வேண்டிய அக்கறை உங்களுக்கு இருந்துச்சு."

அங்கேயே சொல்லியிருக்கலாம். அதற்கு மேல் நல்ல இடம் கிடைக்காது. "அப்படியெல்லாம் இல்லம்மா" என்றேன். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். மைலோவைக் குடித்துவிட்டு எழுந்தேன். கேட் வரை வந்து வழியனுப்பினார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது தங்கச்சியிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. அவளுடைய புருஷன் வழியாகத் தெரிந்திருக்கும். "செர்டாங் போனீங்களாண்ணே?"

"போனேன்" என்று பதில் போட்டேன்.

பிறகு, "ரொம்ப நன்றிண்ணே. நீங்க சொல்லுவீங்கன்னு நான் நம்பவே இல்ல. இந்தச் சனிக்கிழமை பிள்ளையக் கூட்டிக்கிட்டு மாமியார் வீட்டுக்குப் போறேன். பொறந்தநாளுக்கு அப்புறம் இப்போதான் போறேன்" என்று வந்தது.

இன்றைக்கு வியாழக்கிழமை.